பெட்ரோல் முள் உண்மை சொன்ன நாள்

ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அத்தை சுகம், அத்தையின் பூனை எப்போதும்போல் தேவைக்கு அதிகமாகவே சுகம். அங்கே நீயும் உன் அறையில் கூட இருக்கிற பெண்ணும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் நான் தினமும் படுப்பதும் எழுந்திருப்பதும். போன வாரம் நீ தும்மினது போனில் கேட்டது. இல்லை என்று சொல்லாதே, மூன்று தரம் தும்மினாய், எண்ணினேன். அத்தை கல்யாணப் போட்டோ பார்த்துவிட்டு நீ கேட்டாயே, "அம்மா, உன் கையில இருக்கிற வாத்து யாரு? அப்பா சட்டை ஏன் கரிச்சட்டி மாதிரி இருக்கு? எதிர்வீட்டுப் பல் டாக்டர் எதுக்கு கையில உறை மாட்டிக்கிட்டு நிக்கிறாரு? கல்யாணத்துக்குப் போனீங்களா, தீ அணைக்கப் போனீங்களா?" என்று, அதற்கு நான் அப்போது பதில் சொல்லாமல் தொண்டையைச் செருமினதற்குக் காரணம் உன் அப்பா பக்கத்திலேயே இருந்தார், போனை எல்லோரும் கேட்கிற மாதிரி வேறு வைத்திருந்தார். அவர் சொன்னால் இந்தக் கதை வேறு மாதிரி இருக்கும், அதில் நான் வரவே மாட்டேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போது அவர் வீட்டில் இல்லை, வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், எங்கே என்று கடைசியில் சொல்கிறேன்.

அத்தை நாற்பத்தொன்பது வயதில் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாள் என்றதும் நீ அங்கிருந்து குதித்தாய், நான் இங்கிருந்து குதித்தேன், அப்பா மட்டும் அன்றைக்குச் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் படித்தார். உனக்குத்தான் தெரியுமே, அத்தை அச்சகத்தில் பிழை திருத்துகிறவள், மனிதர்கள் பேசும்போதே அவள் காதில் பிழை விழும், அதனாலேயே எத்தனையோ பேரை வேண்டாம் என்றவள். அப்படிப்பட்டவள் பூனைக்குக் காலில் முள் என்று கால்நடை மருத்துவமனைக்குப் போனாள். அடுத்த வாரம் காதில் ஏதோ என்று போனாள். அப்புறம் வயிறு, அப்புறம் வால். பதினாலு தரம். பன்னிரண்டாவது தரத்தில் உன் அப்பாகூட பூனையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நல்லாத்தானே இருக்கு, இதுக்கு என்ன வியாதி?" என்றார். பூனைக்கு வியாதி இல்லை என்று எனக்கு மூன்றாவது தரமே தெரியும். மாப்பிள்ளை அந்த மருத்துவமனை டாக்டர்தான், நல்ல மனிதர், மனைவி தவறி எட்டு வருஷம், குரல் உசத்திப் பேசத் தெரியாதவர், மாடு உதைத்தாலும் மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள். ஆனால் அப்பா அவரிடம் பேசினதெல்லாம் மொத்தம் பத்துப் பன்னிரண்டு வார்த்தை இருக்கும். அவர் எதிரில் "டாக்டர்", அவர் தலை மறைந்ததும் "மாட்டு டாக்டர்". நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை அந்த முன்னறையில் இருக்கிறாள். காலையில் இரண்டு பேரும் ஒரே செய்தித்தாளைக் கிழித்துப் பங்கு போட்டுக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவார்கள். இனிமேல் யார் போடுவது என்று அவர் வாயைத் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானாவது பேனாவைத் தேடியிருப்பேன்.

இனி அப்பாவின் இரண்டு சக்கர வண்டிக்கு வருகிறேன். அந்த வண்டியின் பெட்ரோல் முள்ளைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உன் பரீட்சை அன்றைக்கு டேங்கில் பாதி இருக்கிறது என்று காட்டிக்கொண்டே பாலத்தின் நடுவில் நின்ற முள் அது. நீ பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாய், அப்பா வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னாலேயே "நிதானமா எழுது, நிதானமா எழுது" என்று கத்திக்கொண்டே வந்தார். வாங்கி பத்தொன்பது வருஷம் ஆகிறது, மேடு ஏறினால் நிறைந்திருக்கிறது என்னும், இறங்கினால் காலி என்னும், இடது பக்கம் திரும்பினால் பாதி என்னும், மழை பெய்தால் எதுவும் சொல்லாது. இதில் பெரிய கூத்து என்ன என்றால், உன் அப்பா வேலை பார்ப்பது எடை அளவு ஆபீஸில், ஊரில் இருக்கிற அத்தனை தராசையும் படிக்கல்லையும் சோதித்துப் பார்த்து முத்திரை குத்துகிறவர், அரைக்கால் குன்றிமணி குறைந்தால்கூடக் கடைக்காரனை நிற்கவைத்துக் கேள்வி கேட்பவர். சொந்த வண்டியில் இருக்கிற ஒரு முள்ளை அவரால் திருத்த முடியவில்லை. அதனால் அவர் முள்ளைப் பார்ப்பதையே விட்டுவிட்டார், ஓடின தூரத்தைக் காட்டுகிற மீட்டரைத்தான் பார்ப்பார். டேங்கை நிரப்பின அன்றைக்கு அதைப் பூஜ்யத்தில் வைப்பார், நானூறு வந்ததும் மறுபடி நிரப்புவார். அவசரத்துக்கு மிச்சம் வைக்கிற ரிசர்வ் குழாயை எப்போதோ திருப்பினவர் திருப்பினபடியே விட்டுவிட்டார், கை எட்டாத இடத்தில் இருக்கிறது, எதற்குத் தினம் குனிவது என்று. இத்தனையும் மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

கல்யாணம் பதிவு ஆபீஸில் பதினோரு மணிக்கு. சாட்சி நானும் அப்பாவும். அங்கே கல்யாணத்தைப் பதிவு செய்கிற அம்மாள் மறுநாளிலிருந்து மூன்று வாரம் லீவில் போகிறவள், அதனால் அன்றைக்கு விட்டால் மூன்று வாரம் தள்ளும். அத்தையும் டாக்டரும் பாரங்களைச் சரிபார்க்க வேண்டும் என்று ஒன்பதரைக்கே அவருடைய வேனில் போய்விட்டார்கள். பதிவு ஆபீஸ் ஆறு கிலோமீட்டர், நாங்கள் பத்து மணிக்குக் கிளம்பினால் தாராளம். நான் அந்த நீலப் புடவையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு (அந்த நாற்பது குழந்தைகளையும் அன்றைக்கு மேய்த்தவள் இன்னும் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை) வாசலில் நின்றேன். அப்பா வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட மடிப்பு ரொட்டியை வெட்டலாம் போல் இருந்தது. வண்டியை உதைத்தார். இருமியது. உதைத்தார், கொட்டாவி விட்டது. பதினைந்தாவது உதையில் அதுவும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன், முள் கீழே, சிவப்புக் கோட்டுக்கும் கீழே படுத்துக் கிடந்தது. "ஏங்க, முள்ளு காலியில நிக்குதே, பெட்ரோல் இருக்கா?" என்றேன். இந்த வார்த்தையை நான் சொன்னது பத்து மணி மூன்று நிமிஷத்துக்கு, இதை நீ ஞாபகம் வைத்துக்கொள். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அந்த முள்ளா? பத்தொம்பது வருஷமா பொய் சொல்ற முள்ளு, இன்னிக்குக் காலைல திருந்திடுச்சா? மீட்டரைப் பாரு, அறுபத்திரண்டு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு. டேங்க் கழுத்து வரைக்கும் இருக்கும்" என்றார். கல்யாண நாளும் அதுவுமாக வேண்டாம் என்று விட்டேன்.

உதைக்கிற சத்தம் கேட்டு எதிர்வீட்டுப் பல் டாக்டர் வந்தார், அன்றைக்கு அவருக்கு முதல் நோயாளி வராமல் போயிருந்தார், கை சும்மா இருந்தது. அவர் வீட்டுக் காரை அவர் மனைவி எடுத்துக்கொண்டு போயிருந்தாள், இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மாடியிலிருந்து ரிட்டயரான பௌதிக வாத்தியார் இறங்கி வந்தார், அதுதான், உனக்கு வெளிச்சம் பற்றி ஒரு கேள்விக்கு இரண்டு மணி நேரம் பதில் சொன்னாரே, அவர். வந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஒரு எஞ்சின் ஓட மூணு விஷயம் வேணும். ஒண்ணு காத்து, ரெண்டு பொறி, மூணு எரிபொருள். ஒவ்வொண்ணா விலக்கிக்கிட்டே வரணும். எரிபொருள் இருக்குன்னு சார் சொல்றாரு, அதனால அது இருக்குன்னு வெச்சுக்குவோம்" என்றார். அவ்வளவுதான், அந்த 'வெச்சுக்குவோம்' என்கிற ஒரு வார்த்தையில் எங்கள் ஒரு மணி நேரம் போச்சு. முதலில் காற்று. வாத்தியார் காற்று வடிகட்டியைக் கழற்றி, அடைப்பு இருக்கிறதா என்று வாயை வைத்து ஒரு ஊது ஊதினார். எதிர்ப் பக்கத்தில் அப்பா குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது வருஷத்துப் புழுதி, கண்ணு! அந்த வெள்ளைச் சட்டையில் வெள்ளையாக மிஞ்சினது கக்கத்துக்குக் கீழே மட்டும்தான். வாத்தியார் நிமிர்ந்து, "காத்து போகுது" என்றார்.

அப்புறம் பொறி. பிளக்கைக் கழற்ற வேண்டும் என்றதும் பல் டாக்டர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். உள்ளே ஓடிப்போய்க் கையுறை மாட்டிக்கொண்டு, ஒரு சின்னத் துணியில் ஏதேதோ ஆயுதங்களைச் சுற்றிக்கொண்டு வந்தார். அப்பாவின் பிளக் திருகியால் லேசாகத் திருப்பி, அப்படியே ஒரு ஆட்டு ஆட்டி, வெளியே எடுத்து வெளிச்சத்தில் காட்டி, "வேர் நல்லாயிருக்கு. மேல கொஞ்சம் கறை. இவ்வளவு நாளா யாரும் சுத்தம் பண்ணலை, வருஷத்துக்கு ஒரு தடவையாவது காட்டணும்" என்று அப்பாவைக் கண்டித்தார். வாத்தியார் பிளக்கின் முனையைத் தொட்டுப் பார்த்து, "ஈரமே இல்லை, நல்லாக் காய்ஞ்சிருக்கு. ரொம்ப நல்லது" என்றார். பெட்ரோல் வருகிற வண்டியில் அத்தனை உதை உதைத்த பிறகு பிளக் நனைந்திருக்க வேண்டும் என்பதும், காய்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை என்று அர்த்தம் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நாற்பது வருஷம் பௌதிகம் நடத்தினவருக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை. பிறகு பிளக்கை ஒயரில் மாட்டி, எஞ்சினில் தொடவைத்து, பொறி வருகிறதா பார்க்க வேண்டுமாம். அப்பா கையில் பிடித்துக்கொண்டார், பல் டாக்டர் உதைத்தார். உன் அப்பா ஐம்பத்தேழு வயதில் அவ்வளவு உயரம் குதிப்பார் என்று நான் நினைக்கவில்லை. வாத்தியார் கைதட்டி, "பொறி இருக்கு!" என்றார். அப்பா உதறின கையோடு பிளக்கைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் யாரையும் பார்க்காமல் சுவரைப் பார்த்து நின்றார்.

நடுவில் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதே. பத்தேகாலுக்கே டாக்ஸிக்குச் சொல்லிவிட்டேன், பத்து முப்பத்தைந்துக்கு வந்தும் விட்டது. நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வருவதற்குள் உன் அப்பா அவனிடம் போய், "கண்டுபிடிச்சாச்சு தம்பி, இன்னும் அஞ்சே நிமிஷம், நீங்க போங்க" என்று அனுப்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மறுபடி கூப்பிட்டால் ஊரில் இருக்கிற எல்லா டாக்ஸிக்காரனும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் என்கிறான். அத்தை நாலு தரம் போன் செய்தாள். நாலு தரமும் அப்பா கையில் காற்று வடிகட்டியை வைத்துக்கொண்டு, "தோ, கெளம்பிட்டோம்மா, வந்துக்கிட்டே இருக்கோம்" என்றார். நாலாவது தரம் அவள், "அண்ணா, வந்துக்கிட்டே இருக்கிறவங்க போன்ல நம்ம தெரு நாய் குரைக்கிற சத்தம் எப்படிக் கேக்குது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அப்போதுதான் கண்ணு, எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. டாக்ஸியைத் திருப்பி அனுப்பினவர், மணியைப் பார்க்கவே மாட்டேன் என்கிறவர், இவர் வண்டியைச் சரிசெய்கிறாரா அல்லது வண்டி ஓடாமல் இருப்பதைக் காவல் காக்கிறாரா? கேட்டே விட்டேன். "உங்களுக்கு இந்தக் கல்யாணம் நடக்கணுமா வேண்டாமா?" என்றேன். பல் டாக்டரும் வாத்தியாரும் திடீரென்று வானத்தில் ஏதோ பார்க்க ஆரம்பித்தார்கள். அப்பா குனிந்து கார்புரேட்டரின் திருகைத் தேடினார். அந்தத் திருகு இருப்பது வண்டியின் மறுபக்கம்.

பதினொன்று இருபதுக்குத் தெருமுனையில் அந்த வேன் திரும்பிற்று. மாப்பிள்ளையே வந்துவிட்டார், மணப்பெண்ணை ஆபீஸ் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு. புதுச் சட்டை, கழுத்தில் டை, அந்த டை கொஞ்சம் ஒரு பக்கமாகக் கோணி. அப்பா நிமிர்ந்து பார்த்தார், முகத்தில் ஈயாடவில்லை. டாக்டர் வந்து ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை, கோபப்படவில்லை. வண்டிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, முதலில் டேங்கின் மேல் கையை வைத்தார், மாட்டைத் தடவிக்கொடுப்பதுபோல. அப்புறம் விரலால் அங்கங்கே தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார். பிறகு அப்பாவைப் பார்த்து, ரொம்ப அக்கறையாக, "கடைசியா எப்ப சாப்பிட்டுச்சு?" என்று கேட்டார். எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "இல்லை சார், வாயில்லாத ஜீவன் வந்தா நாங்க முதல்ல அதைத்தான் கேப்போம்" என்றார். அப்பா ஒரு மாசம் முன்னால் நிரப்பினேன், மீட்டரில் அறுபத்திரண்டுதான் என்றார். "ஒரு மாசத்துல அறுபத்திரண்டா? ஆபீஸுக்குத் தினமும் போறீங்களே சார். ஓட்டும்போது ஸ்பீடு முள்ளு எங்க நிக்கும்?" என்று கேட்டார். அப்பா கொஞ்சம் பெருமையாகவே, "மூணு வாரமா அது பூஜ்யத்தை விட்டு நகர்றதே இல்லை. நான் நிதானமா ஓட்டுறவன்" என்றார். சொல்லி முடித்த பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. டாக்டர் கீழே கையை விட்டு ஒரு ஒயரை மெதுவாக இழுத்தார், அது பாம்புக்குட்டி மாதிரி தனியாகக் கையோடு வந்தது. சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிள் அறுந்து மூன்று வாரம். டேங்க் மூடியைத் திறந்து வண்டியைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு சொட்டு சத்தம் இல்லை. "ரிசர்வ்ல போட்டுப் பாக்கலாமா?" என்று குழாயைத் தேடினார், அது எந்தக் காலத்திலேயோ ரிசர்வில்தான் இருக்கிறது. போன வாரம் வண்டி காற்றில் சாய்ந்து விழுந்ததாம், அந்த அடியில் உள்ளே துருப்பிடித்து இஷ்டத்துக்குச் சிக்கிக்கொண்டிருந்த, முள்ளை அசைக்கிற மிதவை விட்டுப்போய், முள் பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக உண்மை சொல்லியிருக்கிறது. சொன்ன அன்றைக்கு அதை நம்ப ஆள் இல்லை. வாத்தியார், "அபாரம்! இதுதான் அணுகுமுறை!" என்று டாக்டர் கையைக் குலுக்கினார். அப்பாகூட, "எனக்குத் தோணவே இல்லை பாருங்க" என்று தலையை ஆட்டினார். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு. பத்து மூன்றுக்கு நான் சொன்னபோது அது நச்சரிப்பு, பதினொன்றரைக்கு டாக்டர் சொன்னால் அணுகுமுறை.

பெட்ரோல் வாங்கி ஊற்ற நேரம் இல்லை, எல்லோரும் வேனில் ஏறுங்கள் என்றார் டாக்டர். வாத்தியாருக்கு விளக்கம் பாதியில் நின்றதால் அவரும் ஏறினார், பல் டாக்டர் ஏன் ஏறினார் என்று அவருக்கே தெரியாது. பின்பக்கக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பெரிய வெள்ளை வாத்து, ஒரு காலில் கட்டோடு. வருகிற வழியில் யாரோ கை காட்டி நிறுத்தி அவசரம் என்று கொடுத்திருக்கிறார்கள், கல்யாண நாளில் முடியாது என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அதைத் தரையில் விட்டால் கத்துகிறது, பல் டாக்டரைக் கண்டால் கொத்துகிறது, கடைசியில் என் மடியில் வந்து புதுப் புடவையில் தலையைச் சாய்த்துக்கொண்டு கண்ணை மூடிற்று. பாலர் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் இருந்தவளுக்கு இது ஒன்றும் புதிதில்லை. முன்னால் அப்பாவும் டாக்டரும். கொஞ்ச தூரம் போயிற்று. அப்புறம் அப்பா சாலையைப் பார்த்தபடியே, "அவ காலைல எந்திரிச்சதும் யாரோடயும் பேச மாட்டா. அரை மணி நேரம் விட்ரணும். நாமளா பேச்சுக் குடுத்தா நம்ம வாக்கியத்துல தப்புக் கண்டுபிடிப்பா" என்றார். டாக்டர், "சரி மச்சான்" என்றார். அதுவரைக்கும் சார்தான், அன்றைக்குத்தான் முதல் தடவையாக மச்சான். கொஞ்சம் கழித்து அப்பா, "குறுக்கெழுத்துல உங்களுக்குத் தெரிஞ்ச வார்த்தை வந்தாலும் சட்டுனு சொல்லிடாதீங்க, அவளே கண்டுபிடிக்கணும்" என்றார். அதற்கும் "சரி மச்சான்." நான் பின்னால் வாத்தின் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டேன், வேறு எங்கே வைப்பது?

ஆபீஸுக்குள் நுழையும்போது மணி பன்னிரண்டு அடிக்கப் பத்து. அந்தப் பதிவு அம்மாள் கண்ணாடிக்கு மேலே எங்களைப் பார்த்தாள். கரி பூசின ஒருத்தர், கையுறை போட்ட ஒருத்தர், பேசிக்கொண்டே வருகிற ஒருத்தர், கோணல் டையோடு மாப்பிள்ளை, வாத்தோடு நான். "பறவைங்க எல்லாம் உள்ள வரக்கூடாதும்மா. இது யாரு, சாட்சியா?" என்றாள். நான், "சாட்சி நானுங்க, இது நோயாளி" என்றேன். அத்தை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், கண் சிவந்திருந்தது. எழுந்து நேராக அப்பாவிடம் வந்து, எல்லோர் முன்னாலேயும், "அண்ணா, உண்மையைச் சொல்லு. வேணும்னே செஞ்சியா?" என்று கேட்டாள். வாத்தியார்கூட வாயை மூடிக்கொண்டார். அப்பா தன் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சத்தியமா இல்லைம்மா. வண்டி தானா நின்னுச்சு. ஆனா..." என்று நிறுத்தி, "நின்னப்ப எனக்குக் கொஞ்சம் சந்தோஷமா இருந்துச்சு. அது தப்புதான்" என்றார். முப்பது வருஷத்தில் உன் அப்பா வாயிலிருந்து தப்பு என்ற வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல். அத்தை அவர் சட்டைக் கரியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "டாக்ஸியைத் திருப்பி அனுப்பினதும் தானா நடந்ததா?" என்றாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். சரி, நான்தான் போனில் சொல்லியிருந்தேன். "அது நான்" என்றார். "சரி, வந்து கையெழுத்துப் போடு" என்று சொல்லிக் கரியைப் பற்றிக் கவலைப்படாமல் அவர் கையைப் பிடித்து மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அப்பா அவசரத்தில் சட்டைப் பையில் கையை விட்டு எடுத்ததை அப்படியே பதிவேட்டில் வைத்து எழுதப் பார்த்தார். எழுதவில்லை. பார்த்தால் பேனா இல்லை, பிளக். அந்தப் பக்கத்தில் அவர் பெயருக்கு நேராக இன்றைக்கும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அதைப் பார்த்து அத்தை சிரிக்க ஆரம்பித்தாள் பார், பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அந்தப் பதிவு அம்மாளும் சிரித்தாள், வாத்து எழுந்து கத்திற்று. அந்த நேரத்தில் ஆபீஸ் உதவியாள் எடுத்த போட்டோதான் நீ பார்த்தது. வாத்து நன்றாக இருக்கிறது, கட்டுப் பிரித்தாயிற்று, சொந்தக்காரரிடம் போய்விட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் வந்து பிளக்கை மாட்டி, கேபிளை மாற்றி, பெட்ரோலும் ஊற்றிக் கொடுத்தார், முதல் உதையிலேயே பிடித்துக்கொண்டது. இன்னும் ஒரு மணி நேரம் கொடுத்தால் மிதவையையும் மாற்றி முள்ளை ஒழுங்கு பண்ணித் தருகிறேன் என்றார். அதற்குள் அது பழையபடி மேட்டில் ஒன்று பள்ளத்தில் ஒன்று சொல்ல ஆரம்பித்துவிட்டது. உன் அப்பா வேண்டவே வேண்டாம் என்று டேங்கை மறைத்துக்கொண்டு நின்றார். "அது இருக்கட்டும் மாப்பிள்ளை, அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார். மாப்பிள்ளை என்றார்! டாக்டர் குனிந்து ஸ்பானரைத் துடைத்தார், துடைத்த ஸ்பானரையே மூன்று தரம் துடைத்தார். ஏன் முள்ளை மாற்ற விடவில்லை என்று எனக்கு அன்றைக்கு விளங்கவில்லை. இந்த இரண்டு வாரத்தில் விளங்கிவிட்டது. அத்தை வீடு நாலு தெரு தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பச்சை கேட். புதன்கிழமை வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றது, எங்கே, அந்தப் பச்சை கேட்டுக்கு முன்னால். சனிக்கிழமை நின்றது, அதே கேட். அடுத்த புதன், அதே கேட், அதுவும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு. "என்ன பண்றது, முள்ளை நம்ப முடியலையே" என்று சலித்துக்கொண்டே உள்ளே போய்ச் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். நேற்று என்னையும் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மார்க்கெட்டுக்கு என்று கிளம்பினார். மார்க்கெட் வலது பக்கம், வண்டி இடது பக்கம் திரும்பிற்று, நான் ஒன்றும் கேட்கவில்லை. பச்சை கேட் வந்ததும் வண்டி இரண்டு தரம் இருமி நின்றது. அவர், "அடடா" என்றார். உள்ளே போனால் மேஜையில் நாலு தட்டு போட்டுத் தண்ணீரும் ஊற்றி வைத்திருக்கிறது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அத்தையைக் கேட்டேன். "சனிக்கிழமைதானே அண்ணி, பெட்ரோல் தீர்ற நாள்தானே" என்றாள். இன்றைக்கு ஞாயிறு, இன்றைக்கும் தீரும் போலிருக்கிறது, அதுதான் இத்தனை நேரமாக ஆளைக் காணோம். எனக்கும் பசிக்கிறது, இதை முடித்துவிட்டு நானும் நடந்து போகப் போகிறேன்.

உனக்கு நான் சொல்ல வேண்டியது இரண்டு மூன்று இருக்கிறது. காலையில் சாப்பிடாமல் வேலைக்கு ஓடாதே. அந்தக் குளிருக்குக் கையுறை இன்னொரு ஜோடி வாங்கி வைத்துக்கொள், ஒன்று நனைந்தால் ஒன்று. அங்கே ஏதோ பழைய ஸ்கூட்டர் வாங்கப் போவதாகச் சொன்னாய், வாங்கு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் வாங்குவதற்கு முன்னால் மூடியைத் திறந்து உள்ளே உன் கண்ணால் பார். அத்தைக்கு வாழ்த்துக் கடிதம் எழுதினால் எழுதினதை இரண்டு தரம் படித்துவிட்டு அனுப்பு, போன தடவை நீ எழுதினதில் ஐந்து இடத்தில் சிவப்பு மை போட்டு மடித்து பீரோவில் வைத்திருக்கிறாள், பாசம் வேறு, பிழை வேறு என்கிறாள். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு அப்பாவிடம் போனில் எதையும் கேட்டுவைக்காதே, அவர் கேட்டால் போட்டோ அழகாக இருக்கிறது என்று மட்டும் சொல். நீ எங்கே இருந்தாலும் தலைவலி காய்ச்சல் இல்லாமல், நல்ல மனிதர்கள் பக்கத்தில், நிறைந்த மனசோடு நீண்ட நாள் இருக்க வேண்டும். உன்னோடு இருக்கும் பெண்ணுக்கும் என் ஆசீர்வாதம், அவளும் சரியாகச் சாப்பிடுகிறாளா பார்த்துக்கொள். தும்மலுக்கு மருந்து வாங்கினாயா என்று மறக்காமல் எழுது, வாங்காமல் வாங்கினேன் என்று எழுதாதே, எனக்குத் தெரிந்துவிடும்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா